ஈரல் இல்லாத ஈஸ்டர்

எங்கள் சமையலறைப் பரணில் என் வீட்டுக்காரர் தலை இடித்துக்கொள்ளும் சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஈஸ்டர் அன்று காலையில் எத்தனை தடவை இடித்துக்கொண்டார் என்று தெரியாது. அடுப்பில் பால் கொதிக்கிற பக்குவத்துக்கு வந்துகொண்டிருந்தது. வெண்ணெயில் வறுத்த மைதா அதில் கரைய வேண்டும். கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அதனால் ஒரு கையால் மோர் கடையும் மத்தைப் போட்டுச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையால் உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டார். நிமிர்ந்தால் பரண் இடிக்கிறது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே இரண்டு பேருக்கு இடமில்லை.

அந்தப் பரண் என் உயரத்துக்கு வைத்தது. வீடு கட்டும்போது அவர் குவைத்தில் இருந்தார். "எந்த ஒசரத்துல வைக்கட்டும் தங்கச்சி?" என்று கொத்தனார் கேட்டார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். என் விரல் நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அடுப்பு மேடையை என் இடுப்புக்கு வைத்தார். முகம் பார்க்கும் கண்ணாடி, துணி மாட்டுகிற கொக்கி, பாத்ரூம் கதவு எல்லாமே அப்படித்தான் அமைந்தன. கட்டில்கூட நானும் என் மகளும் படுப்பதற்குப் பார்த்து வாங்கியது. அவர் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் அவர் அளவுக்கு ஒன்றுமே இல்லை. விடுமுறைக்கு வருகிறவர் எங்கே இடித்துக்கொண்டாலும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கல்யாணமான முதல் ஈஸ்டருக்கு எங்கள் அப்பா வீட்டில் சாப்பிட்டார். அடுத்த ஈஸ்டர் வருவதற்குள் குவைத்துக்குப் போய்விட்டார். பாலைவனத்தில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் தங்கியிருக்கிற ஒரு கேம்பின் மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். அப்புறம் காய் வெட்டினார். அப்புறம் சமையல் மாஸ்டர் ஆனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. அந்த லீவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் அதிகம் தேறாது. ஒரே மகள். அவளை வளர்த்தது, படிக்க வைத்தது, மாடு வாங்கியது, வீடு கட்டியது எல்லாம் நான் இங்கே பார்த்துக்கொண்டேன். அதற்கு வேண்டியதை அவர் அங்கேயிருந்து பார்த்துக்கொண்டார். எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்கு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

மகள் கல்யாணம் முடிந்த வருஷம் அந்தக் கேம்பை மூடிவிட்டார்கள். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இடுப்பில் வட்டு விலகியிருக்கிறது, பெரிய பாத்திரமெல்லாம் தூக்கக் கூடாது என்று புதுக்கோட்டையில் டாக்டர் சொன்னார். அதே சமயத்தில் திருச்சி ஏஜென்ட் போன் செய்து, ஈராக்கில் ஒரு கேம்புக்கு ஆள் எடுக்கிறார்கள், மாஸ்டர் வேலை, ஈஸ்டர் முடிந்ததும் முடிவு சொல்லுங்கள் என்றார். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நீ என்ன புள்ள சொல்ற?"

"ஒங்க இஷ்டங்க."

"எனக்கென்ன. நீ சொல்றதுதான்."

இதே பேச்சைத் தவக்காலம் முழுவதும் பேசினோம். சாப்பிடும்போது கேட்பார், மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போது கேட்பார். போகச் சொன்னால் முடியாத இடுப்போடு மனுஷனைத் துரத்திவிட்ட மாதிரி ஆகும். இருக்கச் சொன்னால் நாளைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும்போது அந்தச் சொல் என் தலையில் விடியும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இருக்கிறேன் என்று அவராகச் சொன்னால் நான் என்ன நினைப்பேனோ என்ற கூச்சம் அவருக்கு. வாய் திறக்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே குறைவு. போனில் பேசும்போதுகூட மகள்தான் எங்களுக்கு நடுவில் நின்று பேசுவாள். அவள் புருஷன் வீட்டுக்குப் போனபிறகு அந்த நடு ஆளும் இல்லாமல் போனது.

அதற்குள் வீட்டில் நாங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தோம். கேம்பில் பழகிய பழக்கத்தில் அவர் கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து வெங்காயம் வெட்ட உட்கார்ந்துவிடுவார். நான் எழுந்து வந்து பார்த்தால் அண்டா நிறைய வெங்காயம் இருக்கும், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில். இருப்பது இரண்டு பேர். "இத்தன வெங்காயத்த என்னங்க பண்றது?" என்று கேட்டால், கத்தியைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சமா வெட்ட வர மாட்டேங்குது புள்ள. கை நிக்க மாட்டேங்குது" என்பார். சாம்பார் வைத்தால் தெரு முழுக்க ஊற்றலாம். உப்பு மட்டும் அவருக்கு எப்போதும் தகராறு. அங்கே கை நிறைய அள்ளி வீசுகிறவருக்கு, இரண்டு விரலில் எடுக்கிற உப்பு கூடுதலா குறைச்சலா என்று தெரியவில்லை. ஒருநாள் கரிக்கும் ஒருநாள் சப்பென்று இருக்கும். நான் எதுவும் சொல்லாமல் சாப்பிடுவேன். நான் சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எனக்கும் என் பழக்கங்கள் இருந்தன. மத்தியானம் கூடத்தில் வெறுந்தரையில் தலையணை இல்லாமல் படுப்பேன். பழைய சோற்றைப் பானையிலிருந்தே எடுத்து மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன். ரேடியோ கேட்டுக்கொண்டே மாட்டோடு பேசுவேன். ஆள் இருக்கும்போது அதெல்லாம் செய்ய வெட்கமாக இருந்தது. என் வீட்டில் நான் சத்தம் வராமல் நடக்கப் பழகினேன். அவரும் அப்படித்தான் நடந்தார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் நடந்ததால் சமையலறை வாசலில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டோம்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. அந்த நாட்களில்தான் அவர் அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கேம்பில் வெள்ளிக்கிழமை போடுவதாம். கிண்ணத்தில் அடியில் சோறு, அதன் மேல் மிளகும் பூண்டும் போட்டு வதக்கிய மாட்டுக்கறி, அதற்கும் மேலே சீஸைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். "சீஸு ஊத்துற அன்னிக்கி லைன் எங்கிட்டு முடியுதுன்னே தெரியாது. எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் கிண்ணத்த நீட்டிக்கிட்டு நிப்பான்" என்பார். போனில் அவர் இதை மகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இப்போது ஈஸ்டருக்கு அதைத்தான் செய்யப்போகிறேன் என்றார். மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். கல்யாணமாகி வருகிற முதல் ஈஸ்டர். எலும்புக் குழம்பு வைத்து, ஈரல் வறுத்து, மாப்பிள்ளை இலையில் முதலில் ஈரலை வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "அத நீ வையி, இத நான் வைக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "இத்தன வருசம் நான் அங்கிட்டு என்ன செஞ்சேன்னு நீங்க யாரும் கண்ணால பாத்ததே இல்லல்ல" என்றார்.

திருச்சிக்குப் போய்ச் சீஸ் கட்டியும் பாஸ்மதி அரிசியும் குடைமிளகாயும் வாங்கி வந்தார். கிண்ணங்களும் வாங்கினார். எங்கள் வீட்டில் ரசம் ஊற்றுகிற கிண்ணம்தான் உண்டு. சீஸ் கட்டியைப் பிரிட்ஜில் வைத்ததிலிருந்து கதவைத் திறந்தால் குழந்தை கக்கிய பால் வாடை அடித்தது. மல்லிகைப் பூவை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஈஸ்டருக்குப் பெரிய கறியை, மாட்டுக்கறியைத்தான் அப்படிச் சொல்வோம், கூறு போட்டுத்தான் பிரிப்போம். முன்கூட்டியே பேர் கொடுத்துவிட வேண்டும். ராத்திரிப் பாஸ்காப் பூசை முடிந்து விடிந்ததும் புளியந்தோப்பில் தென்னங்கீற்றைப் பரப்பி, மேலே வாழை இலை போட்டு, கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல், குடல், கொழுப்பு எல்லாம் சரிசமமாக இருக்கும். அப்புறம் ஒருவர் திரும்பி நின்றுகொள்வார். கறி போடுகிறவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டி நிற்கிறவர் ஒரு பேரைச் சொல்வார். அந்தக் கூறு அவருக்குத்தான். அதில் இது வேண்டும் அது வேண்டாம் என்ற பேச்சே கிடையாது.

அன்றைக்கு அவர் வாளியோடு போய் நின்று, "எனக்கு எலும்பு இல்லாம, பின்னந்தொடையா மட்டும் போட்டுருப்பா" என்று கேட்டிருக்கிறார். தோப்பே திரும்பிப் பார்த்திருக்கிறது. கறி போடுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இது ஒங்க குவைத்து கேம்பு இல்ல. மாட்டுக்குப் பின்னால ரெண்டு காலுதான். அத ஒங்களுக்குக் கொடுத்துட்டு, ஊருக்கு வாலையா பிரிச்சுக் கொடுக்கச் சொல்றீங்க?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தனக்கு விழுந்த கூறை வாங்கிக்கொண்டார். ஆனால் தோப்பை விட்டு வரவில்லை. ஆள் ஆளாகப் போய், "ஒங்க தொடைத் துண்டக் கொடுங்க, என் ஈரல எடுத்துக்கங்க" என்று மாற்ற ஆரம்பித்தார். சக்கை மாதிரி இருக்கிற தொடைக்கறிக்கு ஈரல் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்? ஈரல் முடிந்ததும் நெஞ்செலும்பு. அது முடிந்ததும் குடல், கொழுப்பு.

வீட்டுக்கு வந்தபோது வாளி முழுக்க ஒரே சிவப்பாக, எலும்போ நரம்போ இல்லாத கறி. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஈரல் எங்கங்க?" என்றேன்.

"மாத்திட்டேன்."

"எலும்பு?"

"அதையுந்தான். பாரு புள்ள, எப்புடித் துண்டு! அங்க ஐஸ் பெட்டியில வர்றதுகூட இப்புடி இருக்காது."

"மாப்ளக்கி இலையில என்னத்தங்க வைக்கிறது?"

வாளியைக் கீழே வைத்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தலைப் பண்டிகைக்கு என் அப்பா அவருக்கு ஈரல் வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார். அதற்குப் பிறகு வந்த ஈஸ்டருக்கெல்லாம் அவர் ஊரில் இருந்ததில்லை. யார் வீட்டில் எந்த மாப்பிள்ளைக்கு என்ன வைத்தார்கள் என்று அவர் எங்கே பார்த்தார்? ஓடிப்போய்த் திருப்பிக் கேட்கலாமென்றால், பூசை முடிந்த பசியில் ஊரே ஈரலை வறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மிளகு வாசனை எங்கள் முற்றம் வரை வந்தது. "அதான் இது இருக்குல்ல" என்றார், மெதுவாக. நான் வெங்காயத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். வேறு என்ன செய்வது?

செய்ததை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கறியை நரம்புக்குக் குறுக்கே வைத்து விரல் விரலாக நறுக்கினார். நம்ம ஊர் மாட்டுக்கறி சீக்கிரம் வேகாது என்று தெரிந்து, பப்பாளிக்காயைத் துருவிப் பிசறி வைத்தார். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகைப் பரபரவென்று உடைத்து, சோயா சாஸ் ஊற்றி ஊற வைத்தார். எங்கள் கேஸ் அடுப்பின் தீ அவருக்குப் போதவில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்து முந்திரி விறகை எரியவிட்டு, இரும்புச் சட்டி புகைகிற வரை காயவிட்டார். கறியை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சுண்ட வதக்கி எடுத்தார். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா தண்ணி விட்டுக்கும். அப்பறம் அது வதக்குன கறி இல்ல, அவிச்ச கறி" என்றார். அதே சட்டியில் வெங்காயமும் குடைமிளகாயும் போட்டு, கருகாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கிற பக்குவத்தில் எடுத்தார். கொல்லையில் அவர் நிமிர்ந்து நின்றார். அங்கே தலையில் இடிக்க ஒன்றுமில்லை.

சீஸுக்கு மட்டும் சின்னத் தீ வேண்டும் என்று உள்ளே வந்தார். அப்படித்தான் பரணுக்கும் மேடைக்கும் நடுவில் மடங்கி நின்றார். வெண்ணெய் உருகியதும் மைதா, நிறம் மாறுவதற்குள் பால், பால் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டுத் துருவிய சீஸ். அடுப்பு எரியும்போது சீஸைப் போட்டால் திரிந்து நூல் நூலாகிவிடுமாம். அங்கே கம்பி வைத்த கரண்டி ஒன்று உண்டாம், இங்கே என் மத்துதான். நாங்கள் கறக்கிற மாட்டுப் பால்தான். மஞ்சளாக, வழவழவென்று, கரண்டியை எடுத்தால் ரிப்பன் மாதிரி மடிந்து விழுந்தது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அவர் கை கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தது மூன்று பேர். கூடத்தில் மேஜை போட்டு வரிசையாகப் பாத்திரங்களை வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார். தலையில் துண்டைக் கட்டியிருந்தார். கையைத் தட்டி, "வாங்க வாங்க, கிண்ணத்த எடுத்துக்கிட்டு வரிசையா வாங்க" என்றார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். மாப்பிள்ளையும் எழுந்தார். சம்பந்தியம்மா எழவில்லை.

"நாங்க என்ன சம்பந்தி, அன்னதானத்துக்கா வந்துருக்கோம்?"

சும்மா கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் என் வீட்டுக்காரர் தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் ஒரு கிண்ணத்தை வாங்கிக் கொண்டுபோய் சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன். அதை எப்படிப் பிடித்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துப் பார்த்தார். விரலால் சீஸைத் தொட்டார்.

"என்னது இது, வேட்டிக்குப் போடுற கஞ்சியாட்டம்?"

"அம்மா, அது சீஸும்மா. திருச்சில இதுக்குன்னே கடை வச்சுருக்கான்" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டு, "மாமா, சத்தியமா சூப்பர்" என்றார். மகள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து போனில் கேட்ட சாப்பாடு அது. சம்பந்தியம்மா சீஸை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு அடியில் இருந்த சோற்றைத் தேடினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஈரல் வறுக்கலியா?"

"இல்ல சம்பந்தி... இந்தத் தடவ..."

"பரவால்ல, பரவால்ல. நாம என்ன அதையெல்லாமா பாக்கப்போறோம்" என்றார். அவர் பார்த்தார் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நான் சமையலறைக்குப் போய் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கறி பஞ்சாக இருந்தது. மிளகுக் காரம் தொண்டையில் இறங்கும்போதே சீஸ் வந்து அதை அணைத்தது. வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கேயோ வெகுதூரத்தில், வேலை முடிந்து, பேச ஆளில்லாமல், வயிறு நிறைந்தால் தூங்கிவிடலாம் என்று நினைக்கிற ஆட்களுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

கை கழுவும்போதுதான் சம்பந்தியம்மா அதைக் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆளிடம் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பதுதான்.

"அப்பறம்? எப்பச் சம்பந்தி பயணம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு கையில் சீஸ் கரண்டி. இன்னொரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மடங்கி நின்ற இடுப்பு. தவக்காலம் முழுக்க என்னால் சொல்ல முடியாதது, சம்பந்தி முன்னால், ஒரு யோசனையும் இல்லாமல் வாயில் வந்துவிட்டது.

"அவுக போகல. இனிமே இங்கதான்."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. பஸ் நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் பையைக் கீழே வைப்பார்களே, அப்படி மெதுவாகக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். மறுநாள் ஏஜென்டுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னார். அந்த மீந்த சீஸை நாங்கள் இரண்டு பேரும் வேண்டாம் வேண்டாம் என்று நகர்த்திக்கொண்டே இருந்து, கடைசியில் மாட்டுக் கழனித் தொட்டியில் ஊற்றினேன். மாடும் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த மாதங்களைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் சமைப்பதை விட்டுவிட்டார். வெங்காயம் வெட்டுவதும் நின்றது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள், "எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். "போகல" என்பார். "அட, ஏங்க?" என்பார்கள். நான் சொன்னதால் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வார்? என்னையும் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று நான் சொன்னது அவர் இடுப்புக்காக என்று அவருக்குத் தெரியும். நானும் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. பரணையாவது உயர்த்தலாம் என்று கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செவரோட சேந்த காங்கிரீட்டுண்ணே. ஒடச்சா செவரு விட்டுரும். நீங்க கொஞ்சம் குனிஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் வந்ததும் நாற்காலி கூடத்துக்குள் வந்தது. எதிரே சுவர்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மழையைக் கேட்போம். பேசலாம் என்று அவர் வாயைத் திறப்பார். அதே சமயம் நானும் திறப்பேன். "நீ சொல்லு" என்பார். "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பேன். அதோடு முடிந்துபோகும். ஒரு நாள் அவர் மாட்டுக் கொட்டகையில் நின்று மாட்டிடம் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மழை விட்டபிறகு, விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியின் கேண்டீனுக்கு மாஸ்டர் தேடுகிறார்கள் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து சொன்னான். பாத்திரம் தூக்க ஆள் உண்டு, மேற்பார்வை பார்த்துச் சமைத்தால் போதும். தங்கிக்கொள்ள ஒரு ரூமும் கட்டிலும் கொடுப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. தினமும் போய் வரலாம்.

"விடியக்காலம் அடுப்புப் பத்த வைக்கணும். அங்கயே தங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துர்றேன்" என்றார். இந்தத் தடவை நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் உங்கள் இஷ்டம் என்று சொல்லவில்லை. கைலி, துண்டு, சோப்பு டப்பா எல்லாவற்றையும் குவைத்துக்குப் போகும்போது அடுக்குவது மாதிரியே சுருட்டிச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கினார். அவர் பஸ் ஏறிப் போன அன்று மத்தியானம் நான் கூடத்தில் வெறுந்தரையில் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அழுகையும் வந்தது. எது எதற்காக என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் யார் வேண்டும் என்று கேட்டார். "கேண்டீன்ல... சொந்தக்காரவுக" என்றேன். உள்ளே விட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜன்னலுக்கு வெளியிலேயே அவர் சத்தம் கேட்டது. வடநாட்டுப் பையன்களிடம் இந்தியில் என்னவோ சொல்கிறார், அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "ஏம்மா, நேத்து பாதிச் சோத்தக் கொட்டுனது நீதான? இன்னைக்கி கொட்டுனா ஒன் தலையில கொட்டுவேன்" என்று ஒரு பெண்ணை மிரட்டுகிறார், அவளும் சிரிக்கிறாள். உயரமான மேடை, உயரமான கூரை. தலையில் துண்டு. நிமிர்ந்து நின்று, பார்க்காமலேயே உப்பை அள்ளி வீசுகிறார். இந்த ஆளுக்கு நான் வாழ்க்கைப்பட்டதே எனக்குத் தெரியாது.

மாத்திரையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு பையன் என் கையில் தட்டைத் திணித்து, "லைன்ல வாங்கம்மா" என்றான். ஒப்பந்த வேலைக்கு வருகிற பெண்களுக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் தட்டுகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டில் சோறு விழுந்தது. குழம்புக் கரண்டி வந்தது. வந்த கரண்டி அப்படியே நின்றது. என் கையைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. முகத்தை நிமிர்த்தவில்லை. ஒரு முட்டைக்கு இரண்டு முட்டையாக வைத்து, எல்லோரிடமும் பேசுகிற அதே குரலில், "நல்லாச் சாப்புடுங்க. வெக்கப்படாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரைப் பட்டையை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மாத்திரை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. உப்பு சரியாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. பழையபடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். திங்கட்கிழமை காலையில் பஸ் படியில் கால் வைத்தபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கெழமயும் முட்டக் கொழம்புதான்" என்றார்.

அதற்கப்புறம் சில வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். வாட்ச்மேன் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வாரம் எனக்கு முன்னால் நின்ற பெண் தட்டை நீட்டி என்னவோ வாயடித்து வாங்கிக்கட்டிக்கொண்டு, சிரிப்பு அடங்காமல் என் பக்கம் திரும்பினாள். "இந்த மாஸ்டரக் கட்டுனவ கொடுத்து வச்சவக்கா. வீடே கலகலன்னு இருக்கும்" என்றாள். நான் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வரிசை நகர்ந்தபோது நகர்ந்தேன்.